பஞ்சுபோல் இறங்கிய பந்து

திருமண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு அசையும் அழைப்பிதழ் வேண்டுமென்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளைத் திறந்தேன். ஃபோட்டோஷாப்பில் பழகிய கைக்குப் படங்களை அடுக்கும் லேயரும் வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க்கும் புதியவையல்ல. நேரத்தைக் கையாள்வதுதான் புதிது.

எந்த நேரத்தில் ஒரு பொருள் எப்படி இருக்கவேண்டும் என்று குறித்துவைக்கும் கீஃப்ரேம் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. லேயர் இருக்கும் இடத்தைக் குறிக்கும் பொசிஷனுக்கு அருகிலுள்ள ஸ்டாப்வாட்சை அழுத்தினால் முதல் கீஃப்ரேம் விழும். டைம்லைனில் ஒரு நொடி தள்ளிப் போய் லேயரை நகர்த்தினால் இரண்டாவது விழும். இடையிலுள்ள ஃபிரேம்களை மென்பொருளே கணக்கிட்டு நிரப்பிவிடும். இவ்வளவுதானா என்ற மிதப்பில் மணமக்களின் பெயர்களை ஓடவிட்டேன். பார்த்த நண்பர், ரயில் நிலைய அறிவிப்புப் பலகை ஓடுவதுபோல் இருப்பதாகச் சொல்லி, முதலில் ஒரு பந்தைத் துள்ளவைத்துப் பழகுங்கள் என்றார். அந்தப் பந்து மூன்று வாரத்தை விழுங்கியது.

எல்லாக் கீஃப்ரேம்களையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால் வருகின்ற, அசைவை மெல்லத் தொடங்கி மெல்ல முடிக்கும் ஈஸி ஈஸ்தான் அசைவுக்கு அழகு சேர்க்கும் என்று நம்பியிருந்தேன். பந்தோ தரையை நெருங்கும்போது தயங்கி, பஞ்சுபோல் இறங்கி, மெதுவாக எழுந்தது. விழும் பொருள் முதல் ஃபிரேமில் ஒரு பங்கு இறங்கினால், அடுத்தடுத்த ஃபிரேம்களில் மூன்று, ஐந்து, ஏழு பங்கு என்று வேகம் கூடிக்கொண்டே போகவேண்டும். தரையைத் தொடும் கணத்தில்தான் அது உச்சவேகத்தில் இருக்கும். டிஸ்னி ஓவியர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தொகுத்து வெளியிட்ட 12 அசைவூட்டக் கோட்பாடுகளில் மெல்லத் தொடங்கி மெல்ல முடிப்பதும் ஒன்றுதான். ஆனால் அது எந்த இடத்திற்குப் பொருந்தும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

பொசிஷனின் எக்ஸ், ஒய் அச்சுகளைத் தனித்தனியாகப் பிரித்த பிறகே வழி திறந்தது. எக்ஸ் அச்சைச் சீரான வேகத்தில் விட்டுவிட்டு, ஒய் அச்சின் மதிப்பு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வேல்யூ கிராஃபில் உச்சியை வளைவாகவும் தரைப்புள்ளியைக் கூர்மையாகவும் இழுத்துவிட்டேன். ப்ரிவியூவில் பந்துக்கு எடை வந்திருந்தது. அன்று அதை எத்தனை முறை ஓடவிட்டுப் பார்த்தேனோ!

தரையில் நசுங்குவதற்கு ஸ்கேலில் உயரத்தை 80 விழுக்காடாகக் குறைத்தபோது அகலத்தை 125 ஆக்கினேன். இல்லாவிட்டால் பந்து சுருங்கியதுபோல் தெரியும். அளவை மாற்றும்போது இடம் மாறாமல் நிற்கும் புள்ளியான ஆங்கர் பாயின்ட் நடுவில் இருந்ததால் நசுங்கிய பந்து தரையைவிட்டு எழும்பி நின்றது. அதை அடிப்பகுதிக்கு இறக்கும் வேலையைக் கீஃப்ரேம் வைப்பதற்கு முன்பே செய்திருக்கவேண்டும். நான் எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்கினேன்.

பிறகு அழைப்பிதழுக்குத் திரும்பினேன். பெயர்கள் வாசிக்கும் அளவுக்கு நிற்கவில்லை என்று பெண்ணின் தந்தை சொன்னதால், நிற்கும் கீஃப்ரேமை நகலெடுத்து ஒரு நொடி தள்ளி ஒட்டினேன். இரண்டு இடத்திலும் மதிப்பு ஒன்றுதான். ஆயினும் பெயர் நிற்காமல் சற்று விலகிப் போய்த் திரும்பி வந்தது. நகரும் பாதையை மென்பொருள் தானாகவே வளைவாக்குவதுதான் காரணம் என்று தெரிவதற்கு ஓர் இரவு பிடித்தது. அந்த இரு கீஃப்ரேம்களின் பாதையையும் லீனியராக, அதாவது நேர்கோடாக, மாற்றியதும் பெயர் அசையாமல் நின்றது. ப்ரிஃபரன்ஸஸில் அதையே இயல்பாக்கும் ஒரு பெட்டி உண்டு. மறுநாள் காலை முதல் வேலையாக அதில் டிக் போட்டேன்.