232 கொடுத்தேன், −80.5 வந்தது

ஓஎஃப்டிஎம் (தரவைப் பல நெருக்கமான அதிர்வெண்களில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) பாடத்தில் அதிர்வெண் ஒத்திசைவை, அதாவது அனுப்பும் பக்கத்தின் அதிர்வெண்ணோடு பெறும் பக்கத்தைப் பொருத்துவதை, சூத்திரமாக மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. ஒன்றும் புரியவில்லை என்பது புராஜெக்ட்டில்தான் தெரிந்தது.

வைஃபை 802.11ஏ-வை சிமுலேட் செய்துகொண்டிருந்தேன். அதில் அனுப்பும் பக்கம், பெறும் பக்கம் இரண்டிலும் அதிர்வெண்ணை உருவாக்கும் ஆசிலேட்டர் தலா 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வரை எதிரெதிராக விலகலாம், மொத்தம் 40. 5.8 கிகாஹெர்ட்ஸில் அது 232 கிலோஹெர்ட்ஸ். தரவைச் சுமக்கும் தனித்தனி அலைகளான சப்கேரியர்களின் இடைவெளியே 312.5தான். அந்த 232-ஐக் கொடுத்து, பெறும் பக்கத்துக்கு முன்பே தெரிந்த நீள டிரெய்னிங் சிம்பலை வைத்து விலகலைக் கணக்கிட்டால் −80.5 என்றது. இத்தனைக்கும் இரைச்சலே சேர்க்கவில்லை. இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். இரண்டு எண்களையும் கழித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. வித்தியாசம் மிகச் சரியாக 312.5!

முறை எளியது. ஒரே சிம்பலை இருமுறை அனுப்புகிறோம். சேனல் (சிக்னல் கடந்துவரும் பாதை) இரண்டையும் ஒரே மாதிரி கெடுக்கும். அதிர்வெண் விலகல் மட்டும் இரண்டாவதைக் கொஞ்சம் சுழற்றிவிடும். அந்தக் கோணத்தை அளந்தால் விலகல் கிடைத்துவிடும். ஆனால் கோணம் செக்குமாடு மாதிரி: எங்கே நிற்கிறது என்று தெரியும், எத்தனை சுற்று முடித்தது என்று தெரியாது. அரைச் சுற்றைத் தாண்டினால் எதிர்த்திசையில் போனதாகவே தோன்றும். நீள சிம்பல் 3.2 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை திரும்ப வருவதால் ±156.25 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை; ஒரு முழுச் சுற்று 312.5. குறுகிய டிரெய்னிங் சிம்பல் 0.8-க்கு ஒருமுறை வருகிறது, எல்லை ±625. அதனால்தான் முதலில் குறுகியதை வைத்துத் தோராயமாகத் திருத்தி, அப்புறம் நீளத்தை வைத்து நுணுக்கமாகத் திருத்துகிறார்கள். கோணத்தில் அதே அளவு பிழை இருந்தாலும், இடைவெளி நான்கு மடங்கு என்பதால் அதிர்வெண்ணில் பிழை நான்கில் ஒன்றாகிவிடும்.

மூஸ் 1994-லும், ஷ்மிட்லும் காக்ஸும் 1997-லும் இதே விலகலைக் கணக்கிட வெளியிட்ட முறைகளைப் படிக்கும்போது இந்த எல்லை எங்கே வருகிறது என்று முதலில் தேடுங்கள். சமன்பாடுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நிரல் எழுதும்போது இரைச்சலையும் சேனலையும் எடுத்துவிட்டு, விலகலை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். திருத்தும்போது குறி மாறிவிட்டால் விலகல் இரட்டிப்பாகும். எனக்கு அதுவும் நடந்தது. சப்கேரியர்களைப் பிரித்தெடுக்கும் எஃப்எஃப்டி கணக்குக்கு முன்பே திருத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு சப்கேரியர்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்திருக்கும். சேனல் கெடுத்ததைச் சரிசெய்யும் சாதாரண ஈக்வலைசரால் பிரிக்க முடியாது.

திருத்திய பிறகும் கொஞ்சம் விலகல் மிஞ்சும். பெற்ற தரவை வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் சிம்பலுக்குச் சிம்பல் மெல்லத் திரும்பிக்கொண்டே போகும். அதைப் பிடிக்கத்தான் முன்பே தெரிந்த மதிப்பைச் சுமக்கும் நான்கு பைலட் சப்கேரியர்கள். வைவாவில் என்னை முதலில் கேட்டதே இதைத்தான்.