பெய்யாத மழை

ஆகஸ்ட் 9
மதியம் காற்றில் ஈரப்பதம் 14 சதவீதம். காலையிலிருந்து ஆறு தடவை பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10
காட்டுத்தீ எச்சரிக்கை வந்துவிட்டது. நாளை பிற்பகலிலிருந்து வறண்ட இடிமின்னல், பலத்த காற்று. அப்பாவிடம் சொன்னேன். "இடி இடிச்சா மழை வரும்ல, நல்லதுதானே" என்றார். வராதுப்பா, மேகம் ரொம்ப உயரத்தில் இருக்கிறது, கீழே காற்று காய்ந்து கிடக்கிறது, பெய்கிற மழை தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும், மின்னல் மட்டும்தான் இறங்கும் என்றேன். அந்த ஆவியாதலில் குளிர்ந்து கனத்த காற்று தொப்பென்று கீழே விழுந்து நாலாபக்கமும் சீறிக்கொண்டு ஓடும், எனக்கு அதுதான் மின்னலைவிடப் பயம். கேட்டுக்கொண்டே இன்ஹேலரைத் தேடினார்.

ஆகஸ்ட் 11
நாலரை மணிக்கு வந்தது. மேகத்துக்குக் கீழே மழை திரைச்சீலை மாதிரி தொங்கியது, பாதியிலேயே கரைந்துபோனது. கார் கண்ணாடியில் விழுந்ததை எண்ணினேன், பதினேழு துளி. ஒவ்வொன்றும் புழுதியில் பொட்டு வைத்த மாதிரி ஒரு வட்டம், நான் எண்ணி முடிப்பதற்குள் முதலில் விழுந்தது காய்ந்துவிட்டது. அப்புறம் காற்று. அதுவரை இலைகூட அசையவில்லை, திடீரென்று கேட் தானாகத் திறந்து சுவரில் மோதியது. மேற்கு மேட்டில் அந்த மொட்டை மரத்தின் மேலேயே மின்னல் விழுந்ததை நான் பார்த்தேன். தீயணைப்புக்குச் சொன்னேன். வந்து பார்த்துவிட்டு, புகை எதுவும் இல்லை என்றார்கள்.

ஆகஸ்ட் 12
புகை இல்லை.

ஆகஸ்ட் 13
தூக்கம் வரவில்லை. மின்னல் தீ உடனே தெரிந்தாக வேண்டும் என்று இல்லை. மரத்தின் உள்ளேயோ வேருக்குப் பக்கத்து மட்கிலோ கனன்றுகொண்டே கிடக்கும், நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில். வெயிலும் காற்றும் ஏறுகிற ஒரு பிற்பகலில் வெளியே வரும். அரிசோனாவில் யார்னெல் மலையில் 2013 ஜூன் 28 அன்று மின்னலில் பிடித்தது சின்னத் தீதான். 30ஆம் தேதி இடிமேகத்திலிருந்து இறங்கிய காற்று அதன் திசையையே திருப்பிவிட்டது, 19 தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனார்கள். அதுவரை பக்கவாட்டில் மெதுவாக ஊர்ந்த நெருப்பு, காற்று திரும்பியதும் அந்த நீளம் முழுக்க முன்வரிசையாகிவிடும். இதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மணி மூன்று. ஈரப்பதம் 38தான். ராத்திரியில்கூட அதற்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 14
கூரை விளிம்புத் தண்ணீர்க் குழாயிலிருந்து இரண்டு சாக்கு சருகு அள்ளினேன். கையில் எடுத்தாலே பொடியாகிறது. பறந்து வரும் ஒரு தீப்பொறிக்கு இது போதும். காரை வாசல் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன். "ஒண்ணுமே நடக்கலையே, எதுக்கு இதெல்லாம்" என்று அப்பா கத்தினார். நானும் கத்திவிட்டேன். அவருக்குப் புகை ஆகாது, பத்து நிமிடம் தாங்க மாட்டார், இதை அவரிடமே எப்படிச் சொல்வது.

ஆகஸ்ட் 15
மறுபடியும் எச்சரிக்கை. 11 சதவீதம்.

ஆகஸ்ட் 16
மொட்டை மரத்துக்குக் கீழே நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. புழுதியோ என்று பத்து நிமிடம் பார்த்தேன். புழுதி ஒரே இடத்திலிருந்து எழும்பிக்கொண்டே இருக்காது. போன் பண்ணிவிட்டேன், கிளம்பிவிட்டார்களாம். அப்பா ஒன்றும் சொல்லாமல் செருப்பு மாட்டுகிறார். காற்று இப்போதைக்குக் கிழக்கிலிருந்துதான், எங்களை விட்டு விலகித்தான் அடிக்கிறது. தெற்கே மேகம் கட்டுகிறது