படுக்கையருகே கற்ற தொழில்நெறி: மாணவராகவும் ஆசிரியராகவும் என் அனுபவம்

மருத்துவப் படிப்பின் இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் நடந்த செய்முறைத் தேர்வில், எனக்கு மிகுந்த நம்பிக்கை இருந்த ஒரு நிலையத்தில்தான் நான் தேர்ச்சி பெறாமல் போனேன். ஆஸ்கி (OSCE) என்று மாணவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்தத் தேர்வு முறையை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் 1975இல் அறிமுகப்படுத்தினார்கள். மணி ஒலித்ததும் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு நகர்ந்து, ஒவ்வொன்றிலும் குறித்த நிமிடங்களுக்குள் ஒரு பணியைச் செய்து காட்ட வேண்டும். எனக்கு வந்த பணி, நெஞ்சுவலியுடன் வந்திருக்கும் முதியவரிடம் நோய் வரலாற்றைக் கேட்டுத் தேர்வாளரிடம் தொகுத்துச் சொல்வது. முதியவராக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் கட்டிலில் இருந்தார். மகனாக நடித்தவர் அருகில் நின்றார்.

வலி எங்கே தொடங்கியது, எங்கே பரவியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எதையும் நான் விடவில்லை. ஆனால் மகன் விரைவாகப் பதில் சொன்னதால் கேள்விகளையெல்லாம் அவரிடமே கேட்டேன். தொகுத்துச் சொல்லும்போது கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தேர்வாளரை நோக்கி நின்றுகொண்டு, “இந்த நோயாளிக்கு” என்று தொடங்கினேன். மருத்துவ உள்ளடக்கத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. நோயாளியாக நடித்தவர் அளிக்கும் மதிப்பெண் மட்டும் மிகக் குறைவாக இருந்தது. அவருடைய குறிப்பை என் வழிகாட்டி வாசித்துக் காட்டினார். நான் அவரைப் பற்றிப் பேசினேன் என்றும், அவரிடம் ஒரு முறைகூடப் பேசவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பல நாள்கள் யோசித்தேன். நான் மிகவும் மதித்த ஓர் ஆசிரியர் ரவுண்ட்ஸின்போது கட்டிலின் கால்மாட்டில் நின்று, நோயாளியின் தலைக்கு மேலாக எங்களிடம் பேசுவார். நோயை இனங்காண்பதில் அவருக்கு நிகரானவரை நான் பார்த்ததில்லை. வகுப்பறையில் நோயாளியின் கண்ணியம் குறித்து அவரே மிக அழகாகப் பாடமும் எடுத்திருக்கிறார். அந்தப் பாடத்தின் குறிப்புகள் என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. கால்மாட்டில் நிற்கும் பழக்கமோ என் உடம்பில் ஏறியிருந்தது. நேர நெருக்கடியில் தேர்வறைக்குள் நுழைந்தபோது உடம்பில் இருந்ததுதான் வெளிவந்தது.

மருத்துவக் கல்வியாளர்கள் இதை மறைமுகப் பாடத்திட்டம் என்று அழைக்கிறார்கள். ஃபிரெடெரிக் ஹாஃபர்ட்டியும் ரொனால்ட் ஃபிராங்க்ஸும் 1994இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் மருத்துவக் கல்வியில் பரவலானது. பாடத்திட்டத்தில் அச்சிடப்படாத பல செய்திகளை மாணவர்கள் நாள்தோறும் உள்வாங்குகிறார்கள்: யாருடைய நேரத்துக்கு மதிப்பு இருக்கிறது, யாரைக் காக்க வைக்கலாம், செவிலியர் தொலைபேசியில் அழைக்கும்போது எந்தக் குரலில் பதில் சொல்லலாம், தவறு நடந்தால் யாரிடம் சொல்லாமல் இருக்கலாம். கை கழுவுதலைப் போன்ற எளிய செயலில்கூட இது தெரிகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பதவியில் உயர்ந்தவரோ சக பணியாளரோ கை கழுவாமல் இருந்த அறையில், உடனிருந்த மற்றவர்களும் கை கழுவும் வாய்ப்புக் கணிசமாகக் குறைந்திருந்தது. அவர்கள் எல்லோரும் கை கழுவுதலின் தேவையை அறிந்தவர்கள்தான்.

எனவே நோயாளியிடமும் சக பணியாளரிடமும் நடந்துகொள்ளும் முறையைச் சோதிக்கும் தொழில்நெறித் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது, வார்டில் நீங்கள் யாரைப் பார்த்து என்ன பழகிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைக் கண்டறியுங்கள் என்பதே. தேர்வில் தோற்ற பிறகு நான் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வெள்ளை அங்கியின் பையில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் வார்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பு, அன்று பிறர் செய்ததில் நான் கைக்கொள்ள விரும்பும் ஒரு செயலையும், கைக்கொள்ளக்கூடாத ஒரு செயலையும் எழுதினேன். நோயாளியின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையோ எழுதவில்லை; இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. தொலைந்துபோன ஒரு நோட்டுப் புத்தகத்தால் நோயாளியின் இரகசியம் வெளியானால், தொழில்நெறியைப் படிக்க எடுத்த முயற்சியே தொழில்நெறி மீறலாகிவிடும்.

முதல் சில வாரங்களில் பொதுவான சொற்களையே எழுதினேன்: “அன்பாகப் பேசினார்”, “மரியாதையாக நடந்தார்.” இவற்றைப் படித்து எதையும் செய்து பார்க்க முடியாது. பிறகு செயலை மட்டும் எழுதத் தொடங்கினேன். ஒரு மூத்த செவிலியர் மருந்து கொடுப்பதற்கு முன்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்த பிறகே பேசினார். ஒரு பயிற்சி மருத்துவர் திரையை முழுவதும் மூடிய பிறகே போர்வையை விலக்கினார். ஒருவர் தன் பெயரையும் பொறுப்பையும் சொன்ன பிறகு, “உங்களை எப்படி அழைக்க வேண்டும்?” என்று கேட்டார். பிரிட்டனில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் புற்றுநோயாளியாக மருத்துவமனையில் இருந்தபோது, தம்மிடம் வந்த பணியாளர்கள் பலர் பெயரைக்கூடச் சொல்லாததைக் கவனித்து, “என் பெயர் இது” என்று சொல்லித் தொடங்கும் பழக்கத்தை வலியுறுத்தி 2013இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அவருடைய கதையை அறிந்தபோது, என் நோட்டுப் புத்தகத்தின் இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது.

எழுத்துத் தேர்வுக்கான அடிப்படை நூலறிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஏற்றுக்கொண்ட, மருத்துவர்களின் உறுதிமொழியான ஜெனீவாப் பிரகடனத்தையும், மருத்துவர் தன் உடல்நலத்தையும் பேண வேண்டும் என்ற உறுதிமொழி சேர்க்கப்பட்ட 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் வாசித்துவிடுங்கள். மருத்துவத் தொழில்நெறி குறித்து 2002இல் வெளியான மருத்துவர் சாசனத்தின் மூன்று கோட்பாடுகளான நோயாளியின் நலனுக்கு முதலிடம், நோயாளியின் தன்னுரிமை, சமூக நீதி ஆகியவற்றையும் அவற்றைத் தொடரும் பத்துக் கடப்பாடுகளையும் படியுங்கள். உங்கள் நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு வெளியிட்ட நடத்தை நெறிகளைத் தேர்வுக்கு முன்பு ஒரு முறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும். இவற்றை மனப்பாடம் செய்வதில் நாள்களைச் செலவிட வேண்டியதில்லை.

சூழ்நிலைத் தீர்ப்புத் தேர்வுகளில் கூடுதல் கவனம் தேவை. ஒரு சிக்கலைக் கொடுத்து, சாத்தியமான செயல்களைப் பொருத்தமானதிலிருந்து பொருத்தமற்றது வரை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். பணிக்கு வந்த சக மாணவரிடம் மது வாடை வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் நட்பைக் காப்பாற்றும் விடையையோ, உடனே கல்லூரி நிர்வாகத்துக்குப் புகார் எழுதும் விடையையோ முதலில் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் நோயாளிக்குத் தீங்கு நேராமல் தடுப்பது எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவரை நோயாளிகளிடமிருந்து விலக்கி, பணியில் பொறுப்பாக இருக்கும் மூத்தவரிடம் தெரிவிப்பதே முன்னால் வர வேண்டும். அவருக்கு என்ன உதவி தேவை என்று கேட்பது அதற்குப் பிறகு வருகிறது. ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டிருப்பது எப்போதும் கடைசியில்தான்.

தவறை வெளிப்படுத்தும் நிலையமும் அடிக்கடி வருகிறது. ஒவ்வாமை இருக்கும் மருந்து நோயாளிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்பது போன்ற பணி. “சில நேரங்களில் இப்படி நடந்துவிடுகிறது” என்று தொடங்குபவர்கள் அந்த ஒரு வரியிலேயே நோயாளியை இழந்துவிடுகிறார்கள். என்ன நடந்தது என்பதை மருத்துவச் சொற்கள் இல்லாமல் நேராகச் சொல்லி, தெளிவாக மன்னிப்புக் கேட்டு, இப்போது அவருடைய உடல்நலனுக்காக என்ன செய்யப்படுகிறது என்று விளக்கி, நிகழ்வு பதிவு செய்யப்பட்டு ஆராயப்படும் என்பதையும் தெரிவிக்க வேண்டும். பிறகு அவர் கோபப்படுவதற்கு நேரம் கொடுங்கள். அந்த மௌனத்தை நிரப்புவதற்காகக் காரணங்களை அடுக்கும் மாணவர்களைத் தேர்வாளராக நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தைப் பரிந்துரைத்த இன்னொருவர் மீது பழியைத் திருப்புவது அதைவிடப் பெரிய பிழை.

அனுபவத்தைச் சீர்தூக்கி எழுதும் பதிவுகளுக்குக் கிரகாம் கிப்ஸ் 1988இல் முன்வைத்த ஆறு படிச் சுழற்சி பயன்படும்: நடந்தது, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். என்னிடம் வரும் பதிவுகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு படிகளிலேயே முக்கால்வாசி இடத்தைச் செலவிட்டுவிட்டு, “இனி கவனமாக இருப்பேன்” என்று முடிகின்றன. அடுத்த முறை எந்தக் கணத்தில் எந்தச் செயலை மாற்றப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஓர் உண்மையான சிறு தடுமாற்றத்தைப் பற்றிய பதிவுக்கு, அழகுபடுத்தப்பட்ட பெரிய வெற்றியைப் பற்றிய பதிவைவிட நான் எப்போதும் அதிக மதிப்பெண் தருகிறேன்.

இவையெல்லாம் சில மதிப்பெண்களுக்கான விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். மேக்சின் பப்படாகிஸும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் மூன்று மருத்துவக் கல்லூரிகளில் படித்து, பின்னர் மருத்துவ வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான 235 மருத்துவர்களை, அத்தகைய நடவடிக்கைக்கு உள்ளாகாத 469 பேருடன் ஒப்பிட்டது. மாணவப் பருவத்திலேயே தொழில்நெறிக்கு மாறான நடத்தை பதிவாகியிருந்தவர்களிடையே பிற்கால நடவடிக்கைக்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 3 மடங்காக இருந்தது. பொறுப்பின்மை கடுமையாக இருந்ததற்கும், தன்னைத் திருத்திக்கொள்ளும் திறன் குறைந்திருந்ததற்கும் அதனுடன் வலுவான தொடர்பு காணப்பட்டது. ஒரு நாள் தாமதமாக வந்த மாணவரைக் கண்டு அஞ்சுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. சுட்டிக்காட்டிய பிறகும் மாறாத மாணவரைக் கைவிடாமல் கவனிப்பதற்கு நிறையக் காரணம் இருக்கிறது.

நான் ஆசிரியரான பிறகு, என்னைப் பார்த்து மாணவர்கள் எதைக் கற்கிறார்கள் என்ற கவலை என்னை விடவில்லை. நல்லபடியாக நடந்துகொண்டால் போதும், பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்றுதான் தொடக்கத்தில் நம்பினேன். அது போதவில்லை. குணமடைய வாய்ப்பில்லாத ஒரு நோயாளியின் குடும்பத்தாரிடம் நான் அரை மணி நேரம் பேசிய ஒரு நாளில், வெளியே வந்ததும் என்ன கவனித்தீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டேன். நான் சொன்ன மருத்துவத் தகவல்களை அவர்கள் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார்கள். பேசுவதற்கு முன்பு கைபேசியை இன்னொருவரிடம் கொடுத்ததையும், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் கேட்டதையும், முதல் அதிர்ச்சிக்குப் பிறகு பேச்சை நிறுத்திக் காத்திருந்ததையும் யாரும் சொல்லவில்லை. பழகியவருக்கு இயல்பாக வருவது, புதிதாகப் பார்ப்பவரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அன்றிலிருந்து அறைக்குள் போவதற்கு முன்பு இரண்டு நிமிடம் நின்று, இன்று எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். வெளியே வந்த பிறகு, நான் ஏன் அப்படிச் செய்தேன், எந்த இடத்தில் தயங்கினேன் என்பதை வாய்விட்டுச் சொல்கிறேன். தயக்கத்தைச் சொல்வதுதான் மாணவர்களுக்கு மிகவும் உதவுகிறது என்பது என் கருத்து. முடிவை மட்டும் பார்ப்பவர்களுக்கு, அதை எட்டுவதற்கு முன்பு ஆசிரியர் எதையெல்லாம் எடைபோட்டார் என்பது தெரிய வழியில்லை.

ஒரு முறை, வீங்கிய கல்லீரலைத் தொட்டுணரக் கற்பிப்பதற்காக ஆறு மாணவர்களை ஒரு நோயாளியிடம் அழைத்துச் சென்றேன். நான் பரிசோதிக்க அவரிடம் அனுமதி கேட்டிருந்தேன். மாணவர்கள் ஒவ்வொருவராக வயிற்றை அழுத்திப் பார்ப்பதற்கு அவருடைய ஒப்புதலைக் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் ஒரு மாணவி, மிகுந்த தயக்கத்துடன், “ஐயா, நாங்கள் தொடலாமா என்று அவரிடம் கேட்டோமா?” என்றார். கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது மாணவர் அழுத்தியபோது வலித்ததாகவும், படிக்கிற பிள்ளைகள் என்பதால் சொல்லவில்லை என்றும் அவர் கூறினார். அந்த மாணவிக்கு மற்ற ஐவரின் முன்னிலையிலேயே நன்றி சொன்னேன். மூத்தவரிடம் கேள்வி கேட்பது ஆபத்தில்லாத செயல் என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

மதிப்பிடும் முறையிலும் சிறிது மாற்றம் செய்தேன். மருத்துவத் திறனை மதிப்பிடும் நிலைகளைக் காட்ட ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடில் அறிதல், எப்படியென அறிதல், செய்து காட்டல், நடைமுறையில் செய்தல் என்று நான்கு அடுக்குகள் இருக்கின்றன. 2016இல் ரிச்சர்ட் குரூஸ், சில்வியா குரூஸ், இவோன் ஸ்டைனர்ட் ஆகியோர் அதன் உச்சியில் அப்படிப்பட்டவராகவே ஆதல் என்ற ஐந்தாம் அடுக்கைச் சேர்த்தார்கள். தேர்வறை மூன்றாம் அடுக்கை மட்டுமே காட்டும் என்பதால், வார்டில் மாணவர் உண்மையில் பணிபுரியும்போது நேரில் பார்த்துக் குறிப்பெடுக்கும் சிறு படிவங்களை நான் அதிகம் நம்புகிறேன். அந்தப் படிவத்தை மாணவருடன் உட்கார்ந்து உடனே பேசிவிட வேண்டும். பருவ இறுதியில் கொடுக்கப்படும் மதிப்பெண் அவருடைய நடத்தையில் எதையும் திருத்துவதில்லை.

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் என் மாணவர்களிடம் வெற்றுத் தாளைக் கொடுத்து, பெயர் எழுதாமல், என்னிடம் பார்த்ததில் எதைக் கைக்கொள்வார்கள், எதைக் கைக்கொள்ள மாட்டார்கள் என்று ஒவ்வொரு வரி எழுதச் சொல்கிறேன். சென்ற பருவத்தில் இரண்டு தாள்களில் ஒரே செய்தி இருந்தது: நோயாளி பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் கணினித் திரையைப் பார்க்கிறேன். மறுநாளே திரையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். நோயாளி பேசி முடித்த பிறகே விசைப்பலகையில் கை வைக்கிறேன். இந்தப் பருவத்துத் தாள்கள் இன்னும் மூன்று வாரத்தில் வரும்.