கச்சானும் மேல்காற்றும்

மணப்பாட்டில் இறங்கிய நொடியில் என் தோள் துண்டு பறந்துபோய்ப் பனையோலை வேலியில் மாட்டிக்கொண்டது. பெதப்பம்பட்டிப் பக்கம் பிறந்தவனுக்குக் காற்று புதிதல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் நுழைகிற மேல்காற்றுதான் எங்கள் காற்றாலைக் காற்றாடிகளைச் சுழற்றுகிறது. தென்னை மட்டைகளை இரவெல்லாம் உதிர்க்கிறது. ஆனால் எங்கள் காற்றில் உப்பு கிடையாது. இங்கே உதடே கரித்தது.

திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டதும் அம்மா அசதியில் படுத்துவிட்டார். நான் மட்டும் குலசேகரன்பட்டினம் வழியாகப் பஸ் பிடித்துத் தெற்கே வந்தேன்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று. உச்சியில், 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். புயலில் தப்பிய போர்ச்சுகீசியக் கப்பலின் தலைவன், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நட்ட இடம் என்று ஊரார் சொல்கிறார்கள். கீழே, கடலைப் பார்த்தபடி ஒரு குகை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை அது. உள்ளே கிணறு இருக்கிறது. அலைச் சத்தம் காதை அடைக்கிற இடத்தில் நல்ல தண்ணீர்! எங்கள் தோட்டத்தில் ஆயிரம் அடி துளைத்தும் புழுதிதான் வந்தது. அந்தக் கிணற்றின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் நிழலில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"உடுமலைப் பக்கம் ஐயா. இந்தக் காற்று எப்போது அடங்கும்?"

"இது கச்சான். ஆவணி வரைக்கும் இப்படித்தான். விடியற்காலை மூன்று மணிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். அதற்குள் இறங்கிவிட வேண்டும். பாதி நாள் அதற்கும் வழியில்லை. நீவாடு இழுத்துக்கொண்டு போய்விடும்."

நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். ஆனால் அவர் சொன்ன அந்த மூன்று மணி எனக்குத் தெரியும். மாசியில் விதைத்த எள்ளை எங்கள் அப்பாரு (தாத்தா) ஆனியில் தூற்றுவார். நெல்லுக்கும் சோளத்துக்கும் காற்று வேண்டும். எள்ளுக்குக் காற்று மிஞ்சினால் சருகோடு சேர்த்து மணியையும் கொண்டுபோய்விடும். கருக்கலிலேயே களத்துக்குப் போய் முறத்தோடு காத்திருப்பார். கைப்பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கிடையே விட்டு, அது விழுகிற சாய்வைப் பார்ப்பார். பத்து வயதில் தூக்கக் கலக்கத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் யாரிடமோ அனுமதி கேட்பதுபோல் இருக்கும்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார். மேற்குமலையில் எங்களுக்குப் பாலக்காட்டு வாசல், உங்களுக்கு ஆரல்வாய்மொழி வாசல், இரண்டிலும் நுழைவது ஒரே தென்மேற்குக் காற்று என்றேன். பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணல் மேடுகளும் அந்தக் காற்று வாரிக் குவித்தவைதானே.

"அப்படியானால் உங்கள் ஊருக்கும் கச்சான்தான்" என்றார்.

மேல்காற்று என்று சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய வாய்க்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது.

வழியில் உடன்குடிக் கருப்பட்டி நான்கு கிலோ வாங்கிக்கொண்டேன். எள்ளோடு இடிக்க அதற்கு இணை கிடையாது.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், இந்த வருட எள்ளைத் தூற்ற மூன்று மணிக்கே களத்துக்குப் போய்விட்டோம். காற்றாடிகள் இருட்டில் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. மண்ணை அள்ளி விட்டுப் பார்த்தேன். இன்னும் சாய்வாகத்தான் விழுந்தது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டார்:

"அந்தப் பெரியவர் இந்நேரம் வள்ளத்தைத் தள்ளியிருப்பாரா?"