இங்கேயே கிடைக்குமாக்கா?

“இதெல்லாம் இங்கேயே சும்மா தருவாங்களாக்கா?”

காலையில் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டது பக்கத்தில் இருந்த பெண். மடியில் இரண்டு வயசுக் குழந்தை.

அவள் பர்ஸில் பஸ் டிக்கெட்டுகளுக்கு நடுவே நாலாய் மடித்த காலி கருத்தடை மாத்திரை அட்டை. மெடிக்கலில் பேர் சொல்லக் கூச்சம். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அட்டையை நீட்டுவாளாம். மாதாமாதம் கைக்காசு.

எங்கள் தலைக்கு மேலேயே சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம், பாதி உரிந்துபோய்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி, சாயா கருத்தடை மாத்திரை, கருப்பையில் வைக்கும் காப்பர்-டி எல்லாமே அரசு இலவசமாகத் தருபவை. பிரசவத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட யாரும் இவளிடம் சொல்லவில்லை. மனசு ஆறவே இல்லை எனக்கு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஏதாவது ஒரு கருத்தடை முறையையாவது கேள்விப்படாதவர்கள் அநேகமாக இல்லை. ஆனால் நாடு முழுக்க மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் நம்பியிருப்பது பெண்களுக்கான ஆபரேஷனை. ஆண்கள் ஆபரேஷன் 0.3 சதவீதம்தான்.

கேள்விப்படுவது வேறு. எந்தக் கதவைத் தட்டணும்னு தெரிவது வேறு.

நர்சம்மாவிடம் கூட்டிப்போனேன். வெளியே வந்ததும் கேட்டாள்:

“ரெண்டாவது ரூம்தானேக்கா? நாத்தனார்கிட்டயும் சொல்லணும்.”