பெட்ரிகிவ்கா: பென்சில் இல்லாமல் ஒரு பூ

உக்ரைன் நாட்டுப் பூ ஓவியமான பெட்ரிகிவ்கா பழகுகிறேன் என்றால் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்திருப்பேன் என்று பலரும் நினைக்கிறார்கள். இதில் பென்சிலுக்கு வேலையே கிடையாது. நேராகத் தாளில் பிரஷ்தான். ஒரு இதழ் என்றால் ஒரே இழுப்பு. அதைத் திருத்தவும் முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. எனக்கு இந்தக் கலையில் பிடித்ததே அதுதான்.

உக்ரைனில் த்னிப்ரோ நகருக்கு அருகே உள்ள ஊர் பெட்ரிகிவ்கா. ஸாபோரிஷியக் கொசாக்குகள் என்ற போர்வீரர் கூட்டத்தின் கடைசித் தலைவரான பெட்ரோ கல்னிஷெவ்ஸ்கி 1772இல் ஏற்படுத்தியது. சுண்ணாம்பு அடித்த சுவரிலும் அடுப்பைச் சுற்றியும் பெண்கள் பூ எழுதினார்கள். அடுத்த வெள்ளையடிப்பில் அது போய்விடும், திரும்ப எழுதுவார்கள். பிறகு அதே பூக்கள் தாளுக்கு வந்து சந்தையில் விலைக்குப் போயின. 1936இல் அந்த ஊரிலேயே ஓவியப் பள்ளி தொடங்கியபோது பாடம் சொன்னவர் தெத்யானா பாதா. அவரிடம் படித்தவர்களில் சிலர் கீவ் நகருக்குப் போய்ப் பீங்கானிலும் வரைந்தார்கள். 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்த ஓவியம் இடம்பெற்றது.

சரி, கைவேலைக்கு வருவோம். அடிப்படைத் தீற்றல்கள், அதாவது பிரஷ் இழுப்புகள், நான்கு: சீப்பு, விதை, கொட்டை, நிறம் மாறும் தீற்றல். சீப்புக்கு, பிரஷைப் படுக்க வைத்து அழுத்தி, இழுக்க இழுக்கக் கையைத் தூக்க வேண்டும். தொடங்கும் இடம் பருத்து, முடியும் இடம் மயிரிழையாகும். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் இதழ் வந்துவிடும். விதை என்பது பிரஷ் நுனியை வைத்து எடுப்பது, அவ்வளவுதான். வளைந்த இரண்டு சீப்புத் தீற்றல்களை எதிரெதிரே வைத்து, நடுவில் விதைகளை நிரப்பினால் கொட்டை, அதுதான் மொட்டு. சுண்டுவிரலைத் தாளில் ஊன்றிக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பினால் வளைவு பிசகாமல் வருகிறது.

நான்காவதுதான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. பிரஷ் முழுக்க மஞ்சளை எடுத்து, நுனியை மட்டும் சிவப்பில் தொட்டு இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் சிவப்பு கரைந்து மஞ்சளாக வேண்டும். எனக்கு முதல் இரண்டு இதழ் அழகாக வருகிறது. மூன்றாவதில் இரண்டும் கலந்து வெறும் ஆரஞ்சு. பிரஷைக் கழுவித் துடைத்து மறுபடி எடுத்தால் சரியாகிறது. பூவை இடையில் நிறுத்தி நிறுத்திப் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெட்ரிகிவ்காவில் பழைய கைகள் பயன்படுத்தியது பூனை முடிப் பிரஷ். முடியை வெட்டிக் குச்சியில் நூலால் கட்டிக்கொள்வார்கள். மெத்தென்று அழுந்தும், நுனி கூராகவும் நிற்கும். அந்தத் தீற்றல்களின் வடிவமே இந்தப் பிரஷிலிருந்து வந்தது என்றுதான் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பூனையை நான் தொந்தரவு செய்யவில்லை. கடையில் கிடைக்கும் மெல்லிய ரவுண்டு பிரஷே ஓடுகிறது. நைலான் மட்டும் வேண்டாம், துள்ளுகிறது. முன்பு முட்டை மஞ்சள் கருவில் நிறத்தைக் குழைத்தார்கள், இப்போது பெரும்பாலும் தண்ணீரில் குழைக்கும் கெட்டி நிறமான கவாஷ். நான் போஸ்டர் கலர்தான். மோருக்கும் தயிருக்கும் நடுவிலான பதத்தில் குழைத்தால் தீற்றல் வழிந்தும் ஓடாது, பாதியில் வறண்டும் நிற்காது.

சந்தேகமே இல்லாமல் உடனே வந்தது கலினா பழம். உக்ரைன் பாட்டிலும் துணியிலும் எங்கும் இருக்கும் சிவப்புக் கொத்து. விரல் நுனியைச் சிவப்பில் தோய்த்து ஒற்றினால் ஒரு பழம். விளிம்பில் நிறம் தேங்கி நடுவில் கொஞ்சம் வெளிறுவதால், உருண்டை தானாக வந்துவிடுகிறது. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் இதிலிருந்தே தொடங்கலாம்.

மாஸ்கோ பக்கத்து ஜோஸ்தொவோ தட்டுகளையும் ஒருமுறை பார்த்துப் போட்டேன். அது வேறு சங்கதி. தகரத் தட்டில் எண்ணெய் வண்ணம். முதலில் மங்கலாகப் பூவின் உருவம், அது காய்ந்த பிறகு நிழல், அப்புறம் வெளிச்சம், கடைசியில் நரம்பும் காம்பும். பூவுக்குக் கனம் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காத்திருந்து காத்திருந்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. பொறுமை உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

இப்போது மேஜையில் இருப்பது வெள்ளைத் தாளில் ஒரு கொடி: நடுவில் பெரிய பூ, இருபுறமும் மொட்டுகள், கீழே கலினா. இலைகளில் இன்னும் நடுநரம்பு போடவில்லை. அடுத்து மரத்தட்டு ஒன்றில் கறுப்பு அடித்து இதையே வரையப்போகிறேன். கறுப்பில் மஞ்சள் ஒரே பூச்சில் மூடுமா என்று முதலில் ஓரத்தில் பார்க்க வேண்டும்.