மை உலரும் நேரம்

கோத்தகிரியில் ஐப்பசி மழையின்போது கறுப்பு மையால் ஒரு கோடு இழுத்தால், ஈரம் ஏறிய தாளில் அது ஓரங்களில் கசிந்து பரவும். அது உலரும்வரை பொறுத்திருப்பதே கார்ட்டூன் வரைவோரின் வேலையில் பாதி என்பதை அறிந்தவன் ஆதலால், திரையில் அவர்கள் கதாபாத்திரங்களாக வரும்போது நான் முதலில் கைகளையே கவனிக்கிறேன். டேவிட் ஃபின்ச்சரின் ‘ஸோடியாக்’ படத்தில் (2007), நாளிதழ் கார்ட்டூனிஸ்ட் ராபர்ட் கிரேஸ்மித் ஒரு கொலையாளியின் சங்கேதக் கடிதங்களைத் துரத்துகிறார். அவர் வரைவதற்குப் படம் அதிக இடம் தராதது எனக்குக் குறையாகவே படுகிறது. மாறாக, கஸ் வான் சாண்ட் 2018இல் எடுத்த படத்தில், கார் விபத்தில் உடல் செயலிழந்த கார்ட்டூனிஸ்ட் ஜான் கலஹனாக வாக்கீன் ஃபீனிக்ஸ் நடித்திருக்கிறார். இரு கைகளுக்கிடையே பேனாவை இறுக்கிப் பிடித்து வரைந்த மனிதர் கலஹன். அந்த நடுங்கும் கோடுதான் அவருடைய நகைச்சுவைக்கே உரிய குரல் என்று நான் நம்புகிறேன்.